மேடிசனில் மான் வேட்டைக்குக் கூப்பிட்டால்: புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் எச்-1பி விசாவில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து மேடிசனுக்கு வந்து இன்னும் முதல் குளிர்காலத்தையே பார்க்கவில்லை. அதற்குள் உங்கள் டீம் லீட் நவம்பரில் மான் வேட்டைக்குக் கூப்பிட்டுவிட்டார். போகலாமா என்று கேட்கிறீர்கள். அவர் தன் ரைஃபிளுக்குத் தனியாக பேரல் (குழல்) செய்து மாட்டியிருக்கிறார், தோட்டாவையும் வீட்டிலேயே தயாரிக்கிறார். அது பாதுகாப்பானதா, நீங்களும் அப்படி ஒன்று வாங்க வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. ஊரில் மானைத் தொட்டாலே ஜெயில், இங்கே சுட்டுச் சாப்பிடுகிறார்கள், மனசு ஒப்பவில்லை என்கிறீர்கள். கறியை வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விஸ்கான்சினில் பல வருஷமாக இருக்கிறேன், நவம்பர் வந்தால் காட்டுக்குப் போகிறவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் விசா. இதை இரண்டு தடவை படியுங்கள். எச்-1பி, எஃப்-1, எல்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்திய சட்டம். அதற்குச் சில விலக்குகள் உண்டு. நமக்குப் பயன்படுவது ஒன்றுதான்: இந்த நாட்டில் முறைப்படி கொடுக்கப்பட்ட, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். கடையில் விலைக்கு வாங்கினால்தான் குற்றம் என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். லைசென்ஸ் வருவதற்கு முன்னால் "வா, ரேஞ்சில் நாலு ரவுண்டு சுட்டுப் பார்" என்று அவர் ரைஃபிளை நீட்டினால், அதை வாங்கிப் பிடிப்பதே குற்றக் கணக்கில் வந்துவிடும். அவர் வீட்டுப் பேஸ்மென்டில் செய்த தோட்டாவில் ஒரு டப்பாவை நீங்கள் அபார்ட்மென்டுக்கு எடுத்து வந்தாலும் அதே கதைதான். தண்டனை 15 வருஷம் வரை போகலாம். அதைவிட முன்னதாக விசாவும் கிரீன் கார்டு வரிசையும் போய்விடும். கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகு இந்தத் தடை கிடையாது.

ஆகவே படிப்பு முதலில், லைசென்ஸ் அடுத்து, துப்பாக்கி கடைசி. 1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் விஸ்கான்சினில் வேட்டை லைசென்ஸ் வாங்க ஹன்டர் எஜுகேஷன் படிப்பை முடித்திருக்க வேண்டும். படிக்காமலே, அனுபவம் உள்ள ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் கூடவே இருக்கும்படி வேட்டையாடும் 'மென்டர்' லைசென்ஸும் உண்டு. உங்களுக்கு முழுப் படிப்பையே சொல்வேன். துப்பாக்கி எதுவானாலும் குண்டு ஏற்றியிருப்பதாகவே நினை, குழல் முனையை ஆபத்தில்லாத பக்கமே வை, எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள், சுடும் கணம் வரை விரலை டிரிக்கருக்கு வெளியே வை. இந்த நாலும் உடம்பில் ஊறாமல் காட்டுக்குள் போகவே கூடாது. லைசென்ஸ் வருஷம் மார்ச் 31-ல் முடிகிறது. அதோடு உங்கள் விலக்கும் முடிகிறது. கம்பெனியின் இமிக்ரேஷன் வக்கீலிடம் இதை ஒரு மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

இனி பேரல். உங்கள் டீம் லீட் இந்த ஊர்க்காரர் என்றால் இந்தப் பித்துக்குக் காரணம் உண்டு. மில்வாக்கிக்கு வடமேற்கே ரிச்ஃபீல்டு என்று ஒரு சின்ன ஊர். கிரீகர், பார்ட்லைன் என்று உலகம் முழுக்கத் துப்பாக்கி சுடும் போட்டிக்காரர்கள் தேடி வாங்கும் பேரல்கள் அங்கேயும் அதன் சுற்றுவட்டாரத்திலும்தான் செய்யப்படுகின்றன. துளை போட்ட எஃகுக் கம்பிக்குள் ஒற்றைப் பல் கத்தியை இழுத்து இழுத்துத் திருகு வரிகளை வெட்டுவார்கள். ஒரு இழுப்புக்குப் பெயர்வது ஓர் அங்குலத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். வெட்டி முடித்ததும் உள்ளே கையாலேயே மெருகேற்றுவார்கள். ஃபாக்டரி பேரல் சூடு ஏறினால் சில சமயம் குண்டை ஒரு பக்கமாக ஒதுக்கும். நல்ல கஸ்டம் பேரல் சூடானாலும் அதே இடத்தில்தான் போடும்.

இன்னொரு காரணமும் உண்டு, அது எனக்குப் பெரிய காரணம். ஈயக் குண்டு மான் உடம்பில் பட்டதும் சிதறும். கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்துக்கு வெகு தூரம் தள்ளியும் கறியில் போய்த் தங்கும். 2008-ல் வடக்கு டகோட்டா சுகாதாரத் துறை, ஏழைகளுக்கு உணவு கொடுக்கும் இடங்களில் தானமாக வந்த அரைத்த மான் கறியைத் தூக்கி எறியச் சொன்னது இதனால்தான். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் செம்புக் குண்டுதான் சரி. செம்பு ஈயத்தைவிட லேசானது. அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும், நீளமான குண்டு ஆடாமல் பறக்க அதை வேகமாகச் சுழற்ற வேண்டும். பழைய .308 ரைஃபிள்கள் பலவற்றில் வரி 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றும். புதிதாகப் பேரல் செய்பவர்கள் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று கேட்டு வாங்குகிறார்கள். சாவேஜ் மாதிரி ரைஃபிள்களில் பேரலை ஒரு நட்டு இறுக்கிப் பிடித்திருக்கும். அளவுக் கட்டைகளைப் பேரலில் தோட்டா உட்காரும் அறைக்குள் வைத்துப் பார்த்து வீட்டிலேயே பேரல் மாற்றுகிறவர்கள் உண்டு. 'கோ' கட்டையில் போல்ட் (அந்த அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் தண்டு) மூடவேண்டும், 'நோ-கோ' கட்டையில் மூடக் கூடாது. இந்தச் சோதனையைச் செய்யாத ரைஃபிள் பக்கத்தில் நான் நிற்க மாட்டேன்.

தோட்டா தயாரிப்பதும் சட்டப்படி சரிதான், சொந்த உபயோகத்துக்குச் செய்ய லைசென்ஸ் தேவையில்லை. சுட்டுத் தீர்ந்த பித்தளை உறையை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, மருந்தைப் பற்றவைக்கும் புது பிரைமரை அடியில் பொருத்தி, வெடிமருந்தைக் கிரெயின் கணக்கில் நிறுத்துப் போட்டு, குண்டை மேலே அமர்த்துவார்கள். ஒரு பவுண்டு என்பது 7000 கிரெயின். .308 உறைக்குள் போவது நாற்பது சொச்சம் கிரெயின், மூன்று கிராம் சுற்றி. அந்த மூன்று கிராம் எரியும்போது உறைக்குள் 62,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) வரை அழுத்தம் அனுமதி. அந்த அழுத்தம் உங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில் நடக்கிறது.

எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் செய்வதைப் பாருங்கள். மேஜைமேல் ஒரே ஒரு வெடிமருந்து டப்பாதான் இருக்கும், மற்றது எல்லாம் அலமாரியில். ரேடியோ கிடையாது, போன் மாடியில். கையேட்டில் உள்ள உச்ச அளவுக்குப் பத்து சதவீதம் கீழே தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, சுட்ட உறையின் அடியில் பிரைமர் தட்டையாகிறதா, போல்ட் கெட்டியாகத் திறக்கிறதா என்று பார்ப்பார். மருந்து போட்ட உறைகளை மரப்பலகையில் வரிசையாக நிறுத்தி, குண்டை அமர்த்துவதற்கு முன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஒவ்வொன்றின் உள்ளேயும் எட்டிப் பார்ப்பார். மருந்து மட்டம் ஒன்றில் நூலளவு கூடத் தெரிந்தாலும் அந்த வரிசை முழுவதையும் கொட்டி மறுபடி நிறுப்பார். டப்பாமேல் தேதி, மருந்தின் பெயர், எடை, எந்த ரைஃபிளுக்கு என்று எழுதி ஒட்டுவார். உங்கள் டீம் லீட் இப்படிச் செய்கிறவரா என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள், கைகளை மடியில் வைத்துக்கொண்டு.

எப்படிப்பட்டவராக இருந்தாலும் அவர் தோட்டாவை வேறு ரைஃபிளில் போடாதீர்கள். அவர் குண்டை எவ்வளவு வெளியே நீட்டி அமர்த்தியிருக்கிறார் என்பது அவருடைய பேரலின் அறையை அளந்து செய்தது. இன்னொரு பேரலில் அதே தோட்டா வரிகளில் முட்டி அழுத்தம் எகிறலாம்.

நீங்கள் வாங்க வேண்டுமா? வேண்டாம். இங்கே காட்டுக்குள் மான் பெரும்பாலும் நூறு கஜத்துக்குள்தான் வந்து நிற்கும். வெண்வால் மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் எட்டு அங்குல அகலம். சாதாரண ஃபாக்டரி ரைஃபிள் நூறு கஜத்தில் ஒன்றரை அங்குலத்துக்குள் போடுகிறது, கஸ்டம் பேரல் அரை அங்குலத்தில் போடும். அந்த ஒரு அங்குலம் மானுக்கு எந்த வித்தியாசமும் செய்யாது. குளிரில் விரல் விறைத்து, மூச்சு வாங்கி, மரத்தில் சாய்ந்து சுடும்போது உங்கள் கை எவ்வளவு ஆடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. லைசென்ஸ் வந்த பிறகு ஒரு .308, கடையில் விற்கும் செம்புக் குண்டுத் தோட்டா இரண்டு மூன்று பெட்டி, ரேஞ்சில் நின்றும் முழங்காலிட்டும் நிறையப் பயிற்சி. இது போதும். தோட்டா செய்வதன் உண்மையான பலனும் பயிற்சிதான். தன் குண்டு எங்கே போகும் என்று அவ்வளவு நெருக்கமாகத் தெரிந்தவர், சந்தேகம் இருந்தால் விரலை எடுத்துவிடுகிறார். காயப்பட்ட மான் புதருக்குள் கிடந்து இரவெல்லாம் சாவதைத் தடுப்பது அந்த அறிவுதான்.

மனசு ஒப்பாதது பற்றி. நம் ஊரில் 1972 வனவிலங்குச் சட்டம் சரியான சட்டம், அது இருந்ததால்தான் புள்ளிமானும் வெளிமானும் மிஞ்சின. இங்கே நிலைமை வேறு. தெற்கு விஸ்கான்சினில் மானை அடக்கி வைத்த ஓநாய் போய்விட்டது. மான் பெருகினால் காட்டில் மரக்கன்று ஒன்றுகூட மேலே வராது. இயற்கைப் பாதுகாப்பு பற்றி எழுதிய ஆல்டோ லியோபோல்டு 1933-ல் உங்கள் மேடிசன் பல்கலைக்கழகத்தில்தான் வனவிலங்கு மேலாண்மைப் பேராசிரியராகச் சேர்ந்தார். அவர் பிற்காலத்தில் வலியுறுத்திச் சொன்ன விஷயங்களில் இதுவும் ஒன்று. 1937 சட்டப்படி ரைஃபிளிலும் தோட்டாவிலும் 11 சதவீத வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. இவ்வளவும் தெரிந்த பிறகும் சுட மனம் வரவில்லை என்றால் கேம்ப்புக்குப் போய் விறகு வெட்டி, சமைத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

நிலம் யாருடையது என்று தெரியாமல் ஓரடி வைக்காதீர்கள். 2004 நவம்பரில் சாயர் கவுண்டியில், தனியார் நிலத்தில் இருந்த மரப் பரண் ஒன்றில் ஆரம்பித்த தகராறில் மோங் என்ற தென்கிழக்கு ஆசிய இனத்து வேட்டைக்காரர் ஒருவர் சுட்டு ஆறு பேர் இறந்தார்கள். 2007 ஜனவரியில் இன்னொரு மோங் வேட்டைக்காரர் காட்டில் கொல்லப்பட்டார். நம் முகமும் அந்தக் காட்டுக்குப் புது முகம். டீம் லீட் கூடவே இருங்கள், எல்லை காட்டும் வரைபடம் போனில் இருக்கட்டும். இடுப்புக்கு மேலே உடையில் பாதிக்காவது பளீர் ஆரஞ்சு அல்லது பளீர் இளஞ்சிவப்பு இருக்க வேண்டும் என்பது சட்டம். முழுவதும் ஆரஞ்சாகவே போடுங்கள்.

கறி தாராளமாகக் கொண்டுவரலாம், விற்கத்தான் கூடாது. சுட்ட மானை மறுநாள் மாலை 5 மணிக்குள் போனிலோ இணையத்திலோ பதிவு செய்ய வேண்டும். மேடிசனைச் சுற்றி சி.டபிள்யூ.டி. என்ற மூளை நோய் மான்களிடம் அதிகம், இந்த மாநிலத்தில் அதை 2002-ல் கண்டுபிடித்தார்கள். மனிதருக்கு வந்ததாக உறுதியான செய்தி இல்லை. ஆனால் நோய் உள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்பது மருத்துவத் துறையின் அறிவுரை, கொதிக்க வைத்தாலும் அந்தக் கிருமிப் புரதம் அழியாது. கழுத்து நிணக்கட்டியைச் சோதனைக்குக் கொடுங்கள், இலவசம். வெட்டிக் கொடுக்கும் கடையில் உங்கள் மானை மற்றவர் மானோடு கலக்காமல் தரச் சொல்லுங்கள். சோதனை எண்ணை ஒவ்வொரு பொட்டலத்திலும் எழுதி ஃப்ரீசரில் வையுங்கள், முடிவு வரும் வரை திறக்க வேண்டாம். சமைக்கும்போது வெள்ளைக் கொழுப்பை முழுக்கச் சீவி எடுத்துவிடுங்கள், ஆறினால் மெழுகாக நாக்கில் ஒட்டும். முதுகுத் துண்டை மிளகு போட்டுச் சட்டென்று வறுத்து இறக்குங்கள். தொடையும் தோளும் சின்ன வெங்காயத்தோடு குக்கருக்கு.