ஷூ கடிக்கிறது என்று குழந்தை சொல்லாது

சேலத்தில் குழந்தைகளுக்கு பிசியோதெரபி பார்க்கிறேன். பள்ளி திறந்து ஒரு மாதம் ஆனால் போதும், கால் பற்றிய கேள்விகள் வரிசையாக வந்துவிடும். இந்த முறை வந்தவற்றில் ஆறுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எல்.கே.ஜி. போகும் மகளுக்கு, வளருகிற கால்தானே என்று இரண்டு சைஸ் பெரிய ஷூ எடுத்துவிட்டோம். முன்னால் பஞ்சு வைத்துப் போடலாமா? (அம்மாபேட்டை)

வேண்டாமுங்க, மாற்றிவிடுங்கள். பெரிய ஷூவுக்குள் கால் முன்னும் பின்னும் வழுக்கும். அது கழன்றுவிடாமல் இருக்கக் குழந்தை விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டே நடக்கும், தடுக்கி விழும். பஞ்சு வைத்தால் விரல் அசைய வேண்டிய இடமும் அடைபட்டுப் போகும்.

இறுக்கமான ஷூ இதைவிட மோசம். இந்த வயதில் பாத எலும்புகள் இன்னும் முழுசாக இறுகியிருக்காது, குருத்தெலும்பு நிறைய இருக்கும். இறுக்கினால் இறுக்கின பக்கம் வளைந்து கொடுக்கும், பெரிதாக வலிக்காது. அதனால்தான் நான்கு வயதுக் குழந்தை "ஷூ கடிக்குது" என்று வந்து சொல்வதில்லை. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றும்போது நீங்கள்தான் பார்க்க வேண்டும். சுண்டுவிரல் ஓரத்திலோ குதிகால் பின்னாலோ சிவந்த தடம் இருந்தால் ஷூ சரியில்லை.

வீட்டிலேயே அளவு எடுக்கலாம். பழைய மாதக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, அதன்மேல் குழந்தையை நிற்க வையுங்கள். உட்கார வைத்து எடுத்தால் அளவு குறைந்துவிடும். சாயங்காலமாக எடுங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் உப்பியிருக்கும். பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு பாதத்தையும் சுற்றி வரைந்து, வெட்டி, கடைக்குக் கொண்டுபோங்கள். அந்தத் தாளை ஷூவுக்குள் வைத்தால் ஓரம் மடங்காமல் கிடக்க வேண்டும், முன்னால் சுமார் 1 செ.மீ. இடம் மிஞ்ச வேண்டும். இரண்டு காலும் ஒரே அளவு இல்லையென்றால் பெரிய காலுக்கே வாங்குங்கள்.

அப்புறம் ஷூவைக் கையில் எடுத்து மடக்கிப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நட்டநடுவில் மடங்கினால் அது வேண்டாம். குதிகால் பக்கம் அமுக்கினால் நசுங்கக் கூடாது. குழந்தை தானே ஒட்டிக்கொள்ளும்படி வெல்க்ரோ பட்டை இருந்தால் நல்லது. அக்கா போட்ட பழைய ஷூவைத் தங்கைக்குக் கொடுக்காதீர்கள், அது அக்காவின் காலுக்குப் படிந்த ஷூ. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவு பார்க்கச் சொன்னால் செலவை நினைத்துத் தயங்குகிறார்கள். விலை உயர்ந்த ஒரு ஜோடியை ஒன்றரை வருடம் இழுப்பதைவிட, சாதாரண ஜோடியைச் சரியான நேரத்தில் மாற்றுவதே காலுக்கு நல்லது.

பேரனுக்கு மூன்று வயது. ஈரக்காலோடு நடந்தால் பாதம் முழுசும் பதிகிறது, வளைவே இல்லை. இதற்குத் தனி ஷூ போட வேண்டும் என்கிறார்கள். (சூரமங்கலம்)

அம்மா, பயப்படாதீர்கள். இந்த வயதில் உள்ளங்காலில் கொழுப்புத் திட்டு இருப்பதால் வளைவு தெரியாது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆறு வயதை ஒட்டித் தெரிய ஆரம்பிக்கும். அலமாரி மேல் இருக்கும் பொம்மையை எடுக்கச் சொல்லி, அவன் குதிகாலைத் தூக்கி எம்பும்போது பின்னாலிருந்து பாருங்கள். அப்போது வளைவு எழும்பினால் தனி ஷூ எதுவும் தேவையில்லை. வீட்டுக்குள்ளும் புல்லிலும் மணலிலும் வெறுங்காலோடு ஓடட்டும். வலி இருந்தாலோ, பாதம் விறைப்பாக இருந்தாலோ, ஒரு காலில் மட்டும் இப்படி இருந்தாலோ, நொண்டினாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

எங்கள் வீட்டுத் தொழிலே வெள்ளிக் கொலுசுதான். மகள் கழற்றவே விடுவதில்லை, மேலேயே சாக்ஸ் போடுகிறாள். கணுக்காலில் தோல் உரிந்திருக்கிறது. (செவ்வாய்ப்பேட்டை)

பள்ளிக்குப் போகும்போது கழற்றிவிடுங்கள், வீட்டுக்கு வந்ததும் போடலாம். சாக்ஸுக்குள் வியர்வையும் உராய்வும் சேர்ந்தால் புண் ஆறாது. கைக்குழந்தை இருக்கிற வீடு என்றால் கொலுசு முத்துகள் உறுதியாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள், கழன்று விழுந்தால் வாயில் போட்டுவிடும்.

மழைக்காலத்தில் இங்கே ஷூ காய்வதே இல்லை. விரல் இடுக்கெல்லாம் வெளுத்துப் போகிறது. அதற்கு வெறுங்காலே மேல் என்று காபித் தோட்டத்துக்கு அப்படியே அனுப்பிவிடுகிறோம். (நாகலூர், ஏற்காடு)

ஈர ஷூ வேண்டாம் என்று நினைத்தது சரி. தோட்டத்து மண்ணில் வெறுங்கால்தான் எனக்குக் கவலை. மலம் கலந்த ஈரமண்ணில் இருக்கும் கொக்கிப்புழுவின் குஞ்சுகள் பாதத்தின் தோலைத் துளைத்தே உடம்புக்குள் போகும். குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும், குழந்தை சோகை பிடித்து வெளிறிவிடும். பின்பட்டை வைத்த ரப்பர் சாண்டல் போட்டு அனுப்புங்கள், அது கழுவித் துடைத்தால் உடனே காய்ந்துவிடும். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாள்களை ஒட்டி அங்கன்வாடியில் தரும் அல்பெண்டசோல் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். ஒன்று முதல் இரண்டு வயது வரை அரை மாத்திரை, அதற்கு மேல் 400 மி.கி. முழு மாத்திரை.

ஷூ நனைந்தால் உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள், ஈரமானதும் தாளை மாற்றுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் விறைத்துப் போகும். விரலிடுக்கு வெளுத்து அரித்தால் அது சேற்றுப்புண்ணாக இருக்கலாம். துடைத்து உலர விடுங்கள், நான்கைந்து நாளில் அடங்காவிட்டால் மருந்து வேண்டும்.

ஆடித் திருவிழாவில் கோயில் கல்தரை சுட்டு மகனுக்குக் கொப்புளம் வந்துவிட்டது. (கோட்டை)

அடுத்த முறை காலையிலேயே போய் வாருங்கள், இல்லாவிட்டால் தூக்கிக்கொள்ளுங்கள். சுட்டவுடன் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். பேஸ்ட், மஞ்சள், இங்க் எதுவும் தடவக் கூடாது. கொப்புளத்தை உடைக்காதீர்கள். பெரிதாக இருந்தாலோ சீழ் வைத்தாலோ டாக்டரிடம் போங்கள்.

நான் அங்கன்வாடிப் பணியாளர். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்குக் கால் சுத்தத்தை எப்படிச் சொல்லித்தருவது? (ஓமலூர்)

இந்தக் கேள்விக்கு நன்றி, சகோதரி. இந்த வயதில் வாயால் சொன்னால் ஏறாது, கை வேலையாக மாற்றுங்கள். ஒரு பேசின் தண்ணீர், ஒரு துண்டு போதும். முதலில் பொம்மைக்குக் கால் கழுவட்டும், பிறகு தன் காலுக்கு. "விரல் ஐந்து, சந்து நான்கு" என்று எண்ணிக்கொண்டே ஒவ்வொரு சந்திலும் துண்டின் நுனியை விட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். எண்ணும் பழகும், இடுக்கும் காயும். நகத்தை நீங்களோ அம்மாவோதான் வெட்ட வேண்டும். நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டினால் நகம் சதைக்குள் வளரும்.

ஷூ போடும் முன் கவிழ்த்து மூன்று தட்டு தட்டப் பழக்குங்கள். நம் பக்கம் தேள் உண்டு. இடது வலது மாறாமல் இருக்க, ஒரு யானை ஸ்டிக்கரை இரண்டாக வெட்டி இரண்டு ஷூவின் உள்ளேயும் ஒட்டுங்கள். சரியாக வைத்தால்தான் யானை முழுசாகத் தெரியும்.

இன்னொன்று, நான் என் அறையில் செய்வது. குழந்தையின் பாதத்தைத் தாளில் வரைந்து, சிவப்பு கிரையானைக் கையில் கொடுத்து, "எங்கே இறுக்குதோ அங்கே பூசு" என்பேன். நடக்கவே அடம்பிடிக்கிறாள் என்று கூட்டிவந்த ஒரு சின்னப் பெண், கேட்டதற்கெல்லாம் வலிக்கவில்லை என்றே தலையாட்டினாள். கிரையானைக் கொடுத்ததும் இரண்டு சுண்டுவிரலிலும் அழுத்திப் பூசினாள். சாக்ஸைக் கழற்றினால், சரியாக அதே இரண்டு இடத்தில் தோல் கன்றிப்போய் இருந்தது.