நெக்ரில்ல சைவம் கிடைக்குமா? தாராளமா!
சகோ, கல்யாண நாளுக்கு ஜமைக்காவுல, நெக்ரில்ல ஏழு நாள், ஜோடிகள் மட்டும் தங்குற ரிசார்ட்டுக்குப் பணம் கட்டியாச்சு, சாப்பாடும் அதுலயே அடக்கம், ஆனா மனைவி சுத்த சைவம், காசு வீணா போயிடுமான்னு கேட்டிருக்கீங்க. போகாது.

ரஸ்தஃபாரிங்கிற சமயம் பிறந்த நாடு அது. அந்தச் சமயத்தவங்களோட ‘ஐட்டல்’ சமையல்ல பொதுவா இறைச்சி கிடையாது, ஆனா சிலர் மீன் சேர்ப்பாங்க. சமையல்காரர்கிட்ட ‘ஐட்டல், மீனும் வேண்டாம்’னு சொல்லுங்க, மனுஷன் புரிஞ்சுக்குவார்.

காலையில ‘கலலூ’ன்னு ஒரு கீரை வைப்பாங்க. வேற ஒண்ணுமில்ல, நம்ம தண்டுக்கீரை இனம்தான். வெங்காயம், தக்காளி போட்டு வதக்கினது. பக்கத்துல முட்டைப் பொரியல் மாதிரி மஞ்சளா இருக்கிறது அக்கீ, அது ஒரு பழம். இங்கேதான் உஷார்: வழக்கமா அதை உப்புமீனோட சேர்த்துத்தான் கிளறுவாங்க. மீன் இல்லாம தனியா வேணும்னு முதல் நாளே சொல்லிடுங்க. ‘ரைஸ் அண்ட் பீஸ்’ல பட்டாணியைத் தேடாதீங்க, ராஜ்மா மாதிரி பயறு, தேங்காய்ப்பால்ல வெந்தது. என் வீட்டம்மா நாலு நாள் அதையேதான் கட்டினாங்க. ஆனா சூப் பக்கம் கேட்காம போகாதீங்க. சிவப்பு பீன்ஸ் சூப்புல கரண்டியை விட்டா பன்றிவால் வந்துச்சு எனக்கு!

ராத்திரி உணவகங்களுக்கு, போய் இறங்கினதுமே மேசை பதிஞ்சிடுங்க. சிலதுல ஆண்களுக்கு முழு பேன்ட் கட்டாயம். வேட்டி செல்லுமான்னு நான் சோதிச்சுப் பார்க்கல.

மான்டேகோ பே விமான நிலையத்துலேருந்து ரோட்டுல ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த வண்டிச் செலவும் ரிசார்ட் கட்டணத்துல சேர்த்தியான்னு இப்பவே கேட்டுக்குங்க.