நின்றவுடன் ஆளைத் தவறவிடும் ரேடார் மாட்யூல்

வணக்கம். உங்கள் எச்பி100 (HB100, அசைவைக் கண்டறியும் சிறு ரேடார்) மாட்யூல் நடப்பவரைக் காட்டுகிறது, அவர் நின்றதும் விட்டுவிடுகிறது, தூரமும் தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மாட்யூலில் பழுது இல்லை, அதே வகையில் புதிது வாங்காதீர்கள்.

அது 10.525 கிகாஹெர்ட்சில் இடைவிடாமல் அலையை அனுப்புகிறது. பட்டுத் திரும்பும் அலையை, அனுப்பும் அலையோடு கலந்து, இரண்டின் அதிர்வெண் வித்தியாசத்தைத்தான் வெளியே தருகிறது. ஆள் நேராக விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் நெருங்கினால் அது சுமார் 70 ஹெர்ட்ஸ். நின்றுவிட்டால் பூஜ்யம், அவரும் சுவரும் அதற்கு ஒன்றுதான். குறுக்கே நடந்தாலும் வித்தியாசம் வெகுவாகக் குறையும், நெருங்கும் அல்லது விலகும் வேகம்தான் கணக்கு.

சரி, தூரம்? அலை எப்போது கிளம்பியது என்று தெரிந்தால்தான் தூரம் கிடைக்கும். இந்த அலையில் அதற்கு அடையாளமே இல்லை. பெரிய ரேடார்கள் துடிப்பு துடிப்பாக அனுப்பும்: எதிரொலி 1 மைக்ரோவிநாடியில் வந்தால் பொருள் 150 மீட்டரில் இருக்கிறது. உங்கள் 3 மீட்டர் அறையில் எதிரொலி 20 நானோவிநாடியிலேயே வந்துவிடும். சாதாரண மைக்ரோகன்ட்ரோலரால் (சிறு கணினிச் சில்லு) அதை நேரடியாக அளக்க முடியாது.

அதனால் எஃப்எம்சிடபிள்யூ (FMCW, அதிர்வெண்ணை மாற்றியபடியே இடைவிடாமல் அலை அனுப்பும்) வகை மாட்யூலுக்கு மாறுங்கள். அது அதிர்வெண்ணைச் சீராக ஏற்றிக்கொண்டே போகும். திரும்பி வரும் அலை, தான் கிளம்பியபோது இருந்த அதிர்வெண்ணிலேயே இருக்கும். அதற்குள் அனுப்பும் அலையின் அதிர்வெண் ஏறியிருக்கும். இரண்டுக்கும் உள்ள அந்த இடைவெளியிலிருந்து தூரம் கிடைக்கும், நிற்கும் ஆளுக்கும்கூட. ஏற்றும் அகலம் (அதிர்வெண் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஏறும் அளவு) 250 மெகாஹெர்ட்ஸ் என்றால், 60 சென்டிமீட்டருக்கும் நெருக்கமாக உள்ள இரண்டு பொருட்களைப் பிரித்தறிவது கடினம். வாங்கும் முன் அந்த அகலத்தைப் பாருங்கள்.