ரேடியேட்டர் எந்த இடத்தில் ஒழுகியது? உங்கள் வழக்கே அதில்தான் இருக்கிறது

கேள்வி:

வணக்கமுங்க ஐயா. எனக்கு ஊரு கோபி பக்கம். ஈரோட்டுல மஞ்சள் மண்டியில வேலை. போன வருசம் கோயமுத்தூர் ஷோரூம் ஒண்ணுல 200 சிசி லிக்விட் கூல்டு பைக் வாங்கினேன். ரெண்டு வருசம் வாரண்டி. 14-வது மாசத்துல ரேடியேட்டர்ல கூலண்ட் சொட்ட ஆரம்பிச்சுது. அவங்க சர்வீஸ் சென்டர்லயே கொண்டுபோய்க் காட்டினேன். "கல்லு அடிச்சிருக்குது, வாரண்டில வராது, புது ரேடியேட்டர் ரூ.9,800, பார்ட்ஸ் வர ஒரு மாசம் ஆகும்"னு சொல்லிப்போட்டாங்க. எழுதிக் கேட்டேன், தரலைங்க.

வண்டி இல்லாம வேலைக்குப் போக முடியாது. ஊர்ல தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் ரேடியேட்டரைக் கழட்டி ஆர்கான் வெல்டிங் வெச்சுக் கொடுத்தார். ரூ.1,200 ஜிபேல போட்டேன், பில் இல்லை. "இது தாங்குற வரைக்கும் தாங்கும், புதுசு மாத்திக்கறதுதான் நல்லது"னு அப்பவே சொன்னார். ரெண்டு வாரம் கழிச்சு மண்டி வேலையா தாளவாடி போறப்ப, திம்பம் மலைப்பாதையில டெம்பரேச்சர் லைட் எரிஞ்சுது. யானை நடமாடுற இடம்னு ரெண்டு வளைவு தாண்டித்தான் நிறுத்தினேன். ஆற வெச்சு, கையில இருந்த பாட்டில் தண்ணியை ஊத்தி ஓட்டிப் பார்த்தேன். கொஞ்ச தூரத்துல நின்னுபோச்சு. டெம்போல ஏத்திச் சர்வீஸ் சென்டர்ல விட்டேன். ஹெட் கேஸ்கெட் போச்சு, ஹெட் வளைஞ்சுபோச்சு, ரூ.31,000 ஆகும், வெளியில வெல்டிங் அடிச்சதால மொத்த வாரண்டியும் ரத்துங்கறாங்க. வண்டி நிக்கறதுக்குத் தினம் ரூ.150 வாடகை வேற கேக்கறாங்க.

கேஸ் போட்டா ஜெயிக்குமுங்களா? புது வண்டியே கேக்க முடியுமுங்களா? மெக்கானிக் அண்ணன் மேல கேஸ் போட எனக்கு மனசு வரலைங்க. அதுவரைக்கும் வண்டியை என் காசுல சரி பண்ணி ஓட்டலாமுங்களா?

பதில்:

தம்பி, "வாரண்டி ரத்தா, இல்லையா" என்பதிலேயே உங்கள் மனம் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் முதலில் பார்த்தது வாரண்டி புத்தகத்தை அல்ல, வெல்டிங்குக்கு முன்னால் நீங்கள் செல்போனில் எடுத்து அனுப்பியிருக்கும் இரண்டு படங்களைத்தான்.

முன்சக்கரம் வாரி அடிக்கும் கல் ரேடியேட்டரின் முகத்தில்தான் படும். அங்கே தகடுகள் மடங்கும், குழாய் நசுங்கும், நடுவில் ஊசித்துளை போல ஓட்டை விழுந்து அந்த இடத்தைச் சுற்றி ஈரம் கட்டும். உங்கள் படத்தில் முன்பக்கத் தகடுகள் வரிசை கலையாமல் நிற்கின்றன. இடது ஓரத்தில், நடுப்பகுதியும் ஓரத்தொட்டியும் சேரும் மடிப்பை ஒட்டி மேலிருந்து கீழாகப் பச்சைப் பொருக்கு படிந்திருக்கிறது. கூலண்ட் பல நாள் கசிந்து காய்ந்தால்தான் அப்படிப் பொருக்குத் தட்டும். மூட்டில் கசிவு என்றால் அது தயாரிப்புக் குறையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனாலும் படத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். மேலே ஹோஸ் கிளாம்ப் கசிந்து அந்த ஓரமாகவே இறங்கியிருக்கலாம். வண்டி எப்போதாவது இடப்பக்கம் சாய்ந்து விழுந்திருந்தாலும் அந்த மூட்டு விட்டிருக்கும். விழுந்ததா என்று உங்களுக்குத்தான் தெரியும். விழுந்திருந்தால் என்னிடமும் மறைக்காதீர்கள், நாளைக்கு வழக்கு போகும் நுகர்வோர் ஆணையத்திடமும் மறைக்காதீர்கள்.

ஆகவே இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. அந்த ரேடியேட்டர் குப்பைக்குப் போய்விடக் கூடாது. கழற்றிய பழைய பாகம் ஓரிரு மாதத்தில் பழைய இரும்போடு போய்விடும், அதோடு உங்கள் சாட்சியும் போய்விடும். இன்றே சர்வீஸ் சென்டருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கழற்றிய, கழற்றப்போகிற எல்லாப் பாகங்களையும் என்னிடம் ஒப்படைக்க வேண்டும். நான் நேரில் இல்லாமல் இன்ஜினைப் பிரிக்கக் கூடாது. வாரண்டியை மறுப்பதற்கான காரணத்தை ஜாப் கார்டு (வண்டியை விடும்போது போடும் வேலைச் சீட்டு) எண்ணோடு எழுத்தில் தர வேண்டும் என்று மூன்றையும் கேளுங்கள். வாயால் மறுத்தவர் எழுத்தில் வேறு காரணம் சொன்னால் அந்த முரண்பாடே உங்களுக்கு உதவும். பதிலே தராவிட்டாலும், கேட்டதற்கு உங்கள் மின்னஞ்சல் சாட்சியாக நிற்கும். படங்களின் மூலக் கோப்பைச் செல்போனிலிருந்து அழிக்காதீர்கள். வாட்ஸ்அப் வழியாகப் போன பிரதியில் எடுத்த தேதி, நேர விவரங்கள் தங்காது. ஆணையத்தில் தாக்கல் செய்யும்போது மின்னணு ஆவணங்களுக்கான பாரதிய சாட்சிய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவுச் சான்றிதழையும் சேர்த்துவிட்டால் எதிர்த் தரப்பு அதில் கை வைக்க முடியாது.

அடுத்து, மொத்த வாரண்டியும் ரத்து என்ற பேச்சு. வெளியே கை வைத்ததற்காக வண்டி முழுவதற்கும் வாரண்டி போய்விட்டது என்று சொல்வது நியாயமே இல்லை. 2014 ஆகஸ்ட் 25 அன்று சந்தையில் நியாயமான போட்டியைக் காக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகப் போட்ட உத்தரவில் இதைத் தெளிவாகச் சொன்னது. வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரண்டியே கிடையாது என்று ஒட்டுமொத்த நிபந்தனை விதிக்கக் கூடாது. வெளியே செய்த தவறான வேலையால் எந்த அளவுக்குச் சேதமோ அந்த அளவுக்குத்தான் வாரண்டியை மறுக்கலாம் என்பது அதன் சாரம். அது கார்களைப் பற்றிய உத்தரவு, மேல்முறையீடுகளும் போயின. நுகர்வோர் ஆணையத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் அந்த நியாயத்தை எடுத்துவைத்தால் எந்த ஆணையமும் காது கொடுக்கும். உங்கள் வாரண்டி புத்தகத்தின் விலக்குப் பகுதியையும் ஒரு வரி விடாமல் படியுங்கள். "வெளிப் பழுதால் ஏற்படும் சேதம் உட்படாது" என்று இருப்பது வேறு, "வெளியே பழுது பார்த்தால் வாரண்டி முடிந்துவிடும்" என்று இருப்பது வேறு. முதல் வகை என்றால் உங்கள் கை ஓங்கியே இருக்கும்.

இதில் தேதி வரிசைதான் முக்கியம். அவர்கள் ரேடியேட்டரை மறுத்த அன்று வெல்டிங் என்ற ஒன்றே கிடையாது. அன்று சொன்ன காரணம் கல். இன்றைக்குச் சொல்லும் வெல்டிங், அன்றைய மறுப்பை எப்படி நியாயமாக்கும்? விலக்கு இருக்கிறது என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். கல் அடித்த தடத்தை அவர்கள் காட்டட்டும்.

ரேடியேட்டருக்கான ரூ.9,800-ல் உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. இன்ஜினுக்கான ரூ.31,000-ல் அவ்வளவு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக் "தாங்குற வரைக்கும்தான்" என்று சொல்லியும் மலையேறினீர்கள், லைட் எரிந்த பிறகும் இரண்டு வளைவு ஓட்டினீர்கள், தண்ணீர் ஊற்றி மறுபடியும் ஓட்டிப் பார்த்தீர்கள். மூன்றையும் எதிர்த் தரப்பு கேட்கும். 27 கொண்டை ஊசி வளைவுகளும் புலிகள் காப்பகக் காட்டுக்குள் இருக்கிற பாதையில், யானை நடமாடும் இடத்தில் நிறுத்த முடியாது என்பது நியாயமான காரணம். ஈரோட்டு ஆணையத்தில் இருப்பவர்களுக்குத் திம்பத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆறிய பிறகு மறுபடியும் ஓட்டியதுதான் இடிக்கும். இன்ஜின் செலவில் ஒரு பங்கை உங்கள் தலையில் கட்டினாலும் ஆச்சரியப்படாதீர்கள். நடந்ததை நடந்தபடியே புகாரில் எழுதுங்கள். குறுக்கு விசாரணையில் வெளிவருவதைவிட நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

சர்வீஸ் புத்தகத்தையும் எடுத்து வையுங்கள். கட்டாய சர்வீஸ் ஒன்று விட்டுப்போயிருந்தாலும் அவர்கள் அதைப் பிடித்துக்கொள்வார்கள். முன்பு எப்போதாவது கூலண்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் அதுவும் உங்களுக்கு எதிராகத் திரும்பும். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் அலுமினியத்தை அரிக்கும் என்று சொல்ல அவர்களுக்குப் பெரிய நிபுணர் தேவைப்படாது.

மெக்கானிக் அண்ணனைப் பற்றி நீங்கள் தயங்குவதில் தப்பில்லை. என் யோசனையும் அதுதான்: அவரை எதிர்மனுதாரராகச் சேர்க்காதீர்கள், சாட்சியாகக் கொண்டுவாருங்கள். ஷோரூம்காரருக்குப் பிறகு அந்த ரேடியேட்டரைக் கையில் எடுத்துப் பார்த்தவர் அவர். கசிவு எங்கே இருந்தது, தகடுகள் எப்படி இருந்தன, எந்த இடத்தில் வெல்டிங் வைத்தது என்று அவரும் வெல்டிங் பட்டறைக்காரரும் ஆளுக்கொரு பிரமாண வாக்குமூலம் தந்தால் உங்கள் படங்களுக்கு உயிர் வந்துவிடும். அவரை எதிரியாக்கினால் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பேசுவார், கம்பெனிக்கும் அது வசதியாகிவிடும். "வெல்டிங் வைத்தவரைச் சேர்க்கவில்லை" என்று எதிர்த் தரப்பு ஆட்சேபம் எழுப்பலாம். உங்கள் புகாரின் மையம் வெல்டிங்குக்கு முந்தைய மறுப்பு என்று எழுதியிருந்தால் அதற்குப் பதில் சொல்ல முடியும். பில் தராதது மட்டும் அவர் பக்கத்துக் குறைதான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதையும் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. இனி யாரிடம் வேலை கொடுத்தாலும் ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்குங்கள். இப்போதைக்கு ஜிபே ரசீது போதும்.

நாள் வாடகை ரூ.150 என்பது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 170-வது பிரிவு, உழைத்து வேலை செய்தவர் அந்தக் கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கலாம் என்கிறது. உங்கள் வண்டியில் எஸ்டிமேட் போட்டதைத் தவிர வேலை எதுவும் நடக்கவில்லை. வாடகைக்கு நீங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் ஒழிய அதைக் கேட்க அவர்களுக்கு அடிப்படை இல்லை. ஜாப் கார்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வாதாடிக்கொண்டு நாளைக் கடத்தாமல், "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக்கொடுத்துக் கட்டிவிட்டு வண்டியை எடுத்து வந்துவிடுங்கள். கட்டியதைப் புகாரிலேயே திருப்பிக் கேட்கலாம். எடுக்கும்போது ஓடோமீட்டர், இன்ஜின் நாலு பக்கம், வெல்டிங் வைத்த இடம் எல்லாம் தெரியும்படி வீடியோ எடுங்கள்.

வழக்கைக் கோவையில் போட வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போட 2019 சட்டம் இடம் கொடுக்கிறது. கோபிக்கு ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வண்டிக்குக் கொடுத்த விலை ரூ.5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றும் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் நீங்களே தாக்கல் செய்யலாம். முதலில் டீலருக்கும் கம்பெனிக்கும் 15 நாள் கெடு வைத்து ஒப்புகையோடு நோட்டீஸ் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்துவிடுங்கள். சில விவகாரங்கள் அங்கேயே முடிந்துவிடுவதும் உண்டு. டீலரை மட்டும் சேர்த்து கம்பெனியை விட்டுவிடாதீர்கள், வாரண்டி கொடுத்தது கம்பெனி. கெடு, வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு. அவர்கள் முதன்முதலில் மறுத்த தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

மண்டி வேலைக்கு ஓட்டினீர்கள் என்பதால் "வணிக நோக்கம், இவர் நுகர்வோரே இல்லை" என்று ஒரு வாதம் வரலாம். சம்பளத்துக்கு வேலை செய்பவர் தன் சொந்த வண்டியில் போவது வணிக நோக்கம் ஆகாது. சுயதொழில் செய்து பிழைப்பவருக்கே சட்டம் விலக்குத் தந்திருக்கிறது.

ரேடியேட்டரைப் பரிசோதனைக்கு அனுப்பும்படி நுகர்வோர் சட்டத்தின் 38-வது பிரிவின் கீழ் மனுவோடேயே கேளுங்கள். சோதனைக் கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டிவரும். அரசுப் பொறியியல் கல்லூரி இயந்திரவியல் துறைப் பேராசிரியர் ஒருவரை நிபுணராக நியமிக்கவும் கேட்கலாம். பிரஷர் டெஸ்ட்டில் வெல்டிங் தாங்கி, மூட்டின் வேறு பகுதியில் குமிழி வந்தால் உங்கள் பாதி வேலை முடிந்தது. வெல்டிங்கிலேயே விட்டிருந்தால் இன்ஜின் செலவைக் கேட்பது கடினமாகும், ரேடியேட்டர் விலையைக் கேட்பதில் குறைவு வராது. சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நாளாகும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

புது வண்டி கேட்காதீர்கள். வாரண்டி பாகத்தை மாற்றித் தரத்தான், வண்டியையே மாற்றித் தர அல்ல என்று 2006-லேயே ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அளவுக்கு மீறிக் கேட்டால் நியாயமாகக் கேட்பதற்கும் மதிப்புக் குறையும். ரேடியேட்டர், இன்ஜின் செலவு, டெம்போ வாடகை, வண்டி இல்லாத நாட்களின் போக்குவரத்துச் செலவு, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு. இவ்வளவு போதும்.

கடைசியாக, உங்கள் காசில் சரி செய்து ஓட்டலாமா என்று கேட்டீர்கள். தாராளமாக. நஷ்டத்தைக் கூட்டிக்கொண்டே போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமையும்கூட. ஆனால் வரிசை தப்பக் கூடாது. நோட்டீஸ் போய்ச் சேர்ந்து, "இந்தத் தேதியில் பிரிக்கப்போகிறேன், வந்து பார்ப்பதாக இருந்தால் பாருங்கள்" என்று இரு தரப்புக்கும் எழுதிய பிறகுதான் இன்ஜினைப் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். ஹெட், கேஸ்கெட், ரேடியேட்டர் மூன்றையும் தேதி எழுதிய சீட்டோடு தனித்தனிச் சாக்கில் கட்டி வீட்டில் வையுங்கள். கோவை உக்கடத்தில் பழைய ரேடியேட்டர் மலிவாகக் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். அங்கே வாங்கினாலும் சரி, புதிது வாங்கினாலும் சரி, ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். ஆணையம் உங்களுக்குத் திருப்பித் தரச் சொல்லப்போகும் தொகை அந்த பில்லில் இருப்பதுதான்.