மாவில் பிடித்த சாமி

கேள்வி: அஸ்டெக் மதத்தை ஸ்பானியர்கள் ஒரே அடியில் ஒழித்துவிட்டார்களா?

பதில்: இல்லை. இன்றைய மெக்சிகோ நகரம் இருக்கும் இடத்தில் இருந்த அஸ்டெக் தலைநகர் டெனோச்டிட்லான் விழுந்தது 1521 ஆகஸ்ட் 13-ல். கத்தோலிக்க மதம் பரப்ப பிரான்சிஸ்கன் சபைத் துறவிகள் பன்னிரண்டு பேர் வந்து சேர்ந்ததோ 1524-ல். அவர்கள் முதலில் கைவைத்தது பிள்ளைகள்மேல். பூர்வகுடிப் பிரபுக்களின் மகன்களை மடத்துப் பள்ளியில் தங்கவைத்தார்கள். எந்தச் சிலை எங்கே ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று காட்டிக்கொடுத்தவர்களில் அந்தப் பையன்களும் உண்டு. 500-க்கும் மேற்பட்ட கோயில்கள், 20,000-க்கும் மேற்பட்ட சிலைகள் அழிக்கப்பட்டதாக 1531-ல் மெக்சிகோவின் ஆயர் சுமாராகா எழுதினார். சொந்தச் சாதனையாக எழுதி அனுப்பிய கணக்கு, கொஞ்சம் ஊதித்தான் இருக்கும். 1539-ல் டெஸ்கோகோ ஊரின் பூர்வகுடிப் பிரபு டான் கார்லோஸை அவர் எரித்துக் கொன்றது ஸ்பெயினிலேயே கண்டனத்துக்கு உள்ளானது. 1571-ல் முறைப்படி அமைந்த மத விசாரணை மன்றத்துக்குப் பூர்வகுடிகள்மேல் அதிகாரம் தரப்படவில்லை.

ஒழிந்ததாக நினைத்த சிலைகள் சிலுவையின் அடியிலும் பலிபீடத்தின் படிக்கற்களுக்குக் கீழும் கிடைத்ததைத் துறவிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். சிலுவையைக் கும்பிட்டால் கும்பிடு கீழே இருப்பவருக்கும் போய்விடும் அல்லவா!

கேள்வி: அங்கே கீரை விதைக்குக்கூடத் தடையாமே?

பதில்: துறவிகளின் கோபம் தானியத்தின்மேல் இல்லை, அதில் பிடித்த சாமியின்மேல். அது நம் முளைக்கீரை, தண்டுக்கீரை இனம்தான். விதையை அரைத்து, ஆனைக்கற்றாழைப் பாகு விட்டுப் பிசைந்த மாவுக்கு 'ட்சோவல்லி' என்று பெயர். மலைத் தெய்வங்களின் திருவிழாவில் அந்த மாவில் சின்னச் சின்ன உருவங்கள் பிடிப்பார்கள். பூசணி விதை பல். கறுப்பு அவரைக்கொட்டை கண். உடுத்துவது ரப்பர் பால் தெளித்த மரப்பட்டைக் காகிதம். படையல் முடிந்ததும், தறியில் ஊடையை அடிக்கும் கட்டையால் அதன் நெஞ்சைப் பிளந்து, பிட்டுச் சாப்பிடுவார்கள். அப்பத்தை இயேசுவின் உடலாக உண்ணும் தங்கள் நற்கருணையைப் பிசாசு நையாண்டி செய்வதாகவே துறவிகளுக்குப் பட்டது. சடங்கு போனதும் சாகுபடியும் சுருங்கியது. ஆனாலும் விதை அழியவில்லை. பொரித்த விதையைத் தேனிலோ வெல்லப்பாகிலோ கிளறி, நம் கடலைமிட்டாய் மாதிரி வில்லை போட்டு 'அலெக்ரியா' என்று இன்றும் விற்கிறார்கள்.

கேள்வி: கண்டெடுத்த சிலையை மறுபடி புதைத்தார்களாமே, ஏன்?

பதில்: பாம்புப் பாவாடை கட்டிய அஸ்டெக் பெண் தெய்வம் கோவாட்லிக்குவேயின் சிலை அது, உயரம் சுமார் இரண்டரை மீட்டர். 1790-ல் மெக்சிகோ நகரப் பெரிய சதுக்கத்தைத் தோண்டும்போது வெளிப்பட்டது. பல்கலைக்கழக முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பூர்வகுடி மக்கள் பூவும் மெழுகுவத்தியுமாக வர ஆரம்பித்துவிட்டார்கள். அதைப் பார்த்துப் பயந்துபோன பல்கலைக்கழகத்தார் சிலையை அதே வளாகத்திலேயே குழிதோண்டி மூடினார்கள். 1803-ல் வந்த ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் கேட்டுக்கொண்டதால் ஒருமுறை திறந்து காட்டி, மறுபடி புதைத்தார்கள். இப்போது அது தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அதன் அடிப்பாகத்திலும் ஒரு தெய்வம் செதுக்கியிருக்கிறது. மண்ணைப் பார்த்தபடி இருப்பதற்காகவே செய்த சிற்பம். மனிதர் பார்ப்பதற்கு அல்ல.