வெள்ளிக்கிழமை மியூசியம் வேண்டாம்

கேள்வி: காலாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளை மெட்ராஸ் கூட்டிப் போகிறோம். வியாழன் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி ஞாயிறு ராத்திரி திரும்புகிறோம், தங்கல் தாம்பரத்தில் மதினி வீட்டில். வீட்டுக்காரர் போட்ட பட்டியல் ரெண்டு தீம் பார்க், எழும்பூர் மியூசியம், கோளரங்கம், வண்டலூர், மெரினா என்று நீண்டுகொண்டே போகிறது. எட்டாம் வகுப்பு படிக்கிற பெரியவன் மியூசியம் என்றாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். சின்னவளுக்கு ஆறு வயது. மாமியாருக்கு முட்டுவலி, ஆனாலும் வந்தே தீருவேன் என்கிறார். எதை விட, எதை வைக்க?
- வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் பட்டியலை வாங்கிப் பாதியைக் கிழித்துப் போடுங்கள். வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டால் அக்கா சொன்னாள் என்று சொல்லுங்கள். மெட்ராஸில் இடங்கள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இல்லை. அம்பையிலிருந்து பாபநாசம் போய்க் குளித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற கணக்கு அங்கே செல்லாது. ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், அவ்வளவுதான்.

நீங்கள் வெள்ளிக்கிழமை காலையில் போய் இறங்குகிறீர்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ரயிலில் வந்த கையோடு மியூசியத்துக்குப் போய்ப் பூட்டின கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற குடும்பங்கள் நிறைய. அதனால் வெள்ளிக்கிழமையைத் தீம் பார்க்குக்கு வையுங்கள், சனி, ஞாயிறு மாதிரிக் கூட்டமும் இருக்காது.

எந்தப் பார்க்? திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் 2025 டிசம்பரில் வொண்டர்லா திறந்திருக்கிறார்கள், பெரியவன் அதைத்தான் கேட்பான். ஆனால் பெரிய ராட்டினங்களுக்கெல்லாம் உயரக் கணக்கு உண்டு, அளவுகோலுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். அண்ணன் ஏறிப் போக, ஆறு வயசுக்காரி கீழே நின்று அழுவாள். ஆச்சிக்கோ உட்கார்ந்தே பொழுது போகும். உங்கள் குடும்பத்துக்கு நான் சொல்வது முட்டுக்காடு. அங்கே எம்ஜிஎம் டிஸ்ஸி வேர்ல்டும் தட்சிணசித்ராவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பிள்ளைகளோடு வீட்டுக்காரர் பார்க்குக்குப் போகட்டும், பட்டியல் போட்டவர் அவர்தானே! நீங்களும் அத்தையும் தட்சிணசித்ராவுக்குப் போங்கள். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள், 1996இல் திறந்த இடம். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் அத்தை காலை நீட்டி உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். (செவ்வாய்க்கிழமை விடுமுறை, அடுத்த தடவைக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

தண்ணீர் விளையாட்டுக்கு நைலான் துணிதான், பருத்தியோடு போனால் குளத்தில் இறங்க விட மாட்டார்கள். உள்ளே வாடகைக்குக் கிடைக்கும்தான், ஆனால் ஊரிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். கட்டுச்சோறும் புளியோதரையும் வாசலோடு சரி.

சனிக்கிழமை எழும்பூர். தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் நேராகப் போகிறது, காரெல்லாம் எதற்கு? மியூசியம் காலை ஒன்பதரைக்குத் திறக்கும், திறக்கிற நேரத்துக்கே போய்விடுங்கள். 1851இல் தொடங்கிய மியூசியம், முழுக்கப் பார்க்க ஆசைப்பட்டால் பிள்ளைகள் செத்துவிடுவார்கள். மூன்றே மூன்று போதும்: வெண்கலச் சிலைகள், சின்னவளுக்காகத் திமிங்கில எலும்புக்கூடு, அப்புறம் நம்ம பக்கத்து ஆதிச்சநல்லூர்ப் புதைகாட்டுச் சாமான்கள்.

இந்த மூன்றாவதில்தான் உங்கள் பெரியவன் மாட்டுவான். அலெக்சாண்டர் ரீ என்கிற வெள்ளைக்காரர் 1899க்கும் 1905க்கும் இடையில் ஆதிச்சநல்லூர்ப் பரம்பை, அதாவது அந்த மேட்டை, தோண்டி எடுத்த சாமான்கள் எழும்பூருக்குத்தான் போயின. தங்கத் தகட்டில் அடித்த நெற்றிப்பட்டம், இரும்பு வாள்கள், மூடிமேல் மிருகங்கள் நிற்கிற வெண்கலக் கிண்ணங்கள். அதில் எருமை ஒன்று உண்டு, கொம்பு பின்னால் வளைந்து கிடக்கும், நம்மூர் வாய்க்காலில் கிடக்கிற எருமையேதான். எந்தக் கூடத்தில் வைத்திருக்கிறார்கள் என்று டிக்கெட் கவுண்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வேலை நடக்கிறது என்று சில கூடங்களைப் பூட்டி வைப்பதும் உண்டு.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கிளம்புகிறதுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவனை ஆதிச்சநல்லூருக்குக் கூட்டிப் போங்கள். திருச்செந்தூர் ரோட்டில், திருநெல்வேலியிலிருந்து 25 கிலோமீட்டர்கூட இருக்காது. தோண்டின குழிமேல் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், கீழே முதுமக்கள் தாழிகள் கிடக்கிறபடியே கிடக்கின்றன, நாம் மேலே நின்று பார்க்கலாம். இந்தப் பரம்பில் அந்தக் காலத்தில் தோண்டி எடுத்த சாமான்கள் மெட்ராஸில் இருக்கின்றன என்று அங்கேயே அவன் காதில் போட்டு வையுங்கள், அதற்கு மேல் ஒன்றும் விளக்க வேண்டாம். பதிமூன்று வயசுப் பையனுக்கு நாம் எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நல்லது.

கோளரங்கத்தை விட்டுவிடுங்கள். அறிவியல் ஆசைக்குத் திருநெல்வேலியிலேயே கொக்கிரகுளம் அறிவியல் மையம் இருக்கிறது, அதற்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம். மெரினாவுக்குச் சனிக்கிழமை சாயந்தரம் ஒரு மணி நேரம், பிள்ளைகள் கால் நனைத்தால் சரி.

ஞாயிறு வண்டலூர். தாம்பரத்துக்குப் பக்கம், உள்ளே பேட்டரி வண்டி உண்டு, அத்தைக்குச் சிரமமில்லை. வெயில் ஏறுகிறதுக்குள் பார்த்து முடித்து, மத்தியானம் மதினி வீட்டில் சாப்பிட்டுப் படுத்து எழுந்து ரயிலைப் பிடியுங்கள். டிக்கெட் போட்டாயிற்றா என்று நீங்கள் எழுதவே இல்லை. இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது, விடுமுறை சமயத்தில் நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் கிடைப்பது பெரும்பாடு. திறக்கிற அன்றைக்குக் காலையிலேயே போடுங்கள், மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டில் அத்தைக்குத் தனியாகக் கீழ் பெர்த் பார்க்கச் சொல்லுங்கள்.