கடலோர நெல் வயலில் சேறு கருத்து, அழுகிய முட்டை வாடை வருவது ஏன்?

தொண்டிப் பக்கம் மழைத்தண்ணீர் தேங்கிய வயலில் இப்படி ஆகிறதே, மண் கெட்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, கவலைப்படாதீர்கள்.

தண்ணீர் நின்ற ஓரிரு நாளில் மண்ணிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அப்புறம் நுண்ணுயிரிகள் சுவாசிக்க ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு என்று ஒவ்வொன்றாகப் பிடித்து, கடைசியில் கந்தகம் உள்ள சல்பேட்டுக்கு வரும். கடல் உப்பு ஏறிய நம் மண்ணில் சல்பேட்டுக்குக் குறைவே இல்லை. அது ஹைட்ரஜன் சல்பைடாக மாறும்போதுதான் அந்த வாடை. அந்த வாயு இரும்போடு சேர்ந்தால் கருப்பு இரும்பு சல்பைடு. ஆகவே சேறு கருத்திருந்தால், விஷ வாயுவை இரும்பு கட்டிவைத்திருக்கிறது என்று அர்த்தம். இரும்பு கரையும்போது அது பிடித்துவைத்திருந்த பாஸ்பரசும் கொஞ்சம் பயிருக்குக் கிடைக்கும்.

ஒரு பயிரைப் பிடுங்கி வேரை அலசிப் பாருங்கள். செம்பழுப்பாகத் துரு படிந்திருந்தால் நல்லது: தண்டு வழியாக இறங்கிய ஆக்சிஜனை வேர் வெளியே விடுகிறது. வேரே கருத்து நாறினால்தான் ஆபத்து. உடனே தண்ணீரை வடித்து, லேசாக வெடிப்பு விழும்வரை விடுங்கள். அதற்கு மேல் காயவிட்டால் அடியிலுள்ள உப்பு மேலே ஏறிவிடும். அம்மோனியம் சல்பேட் உரம் வேண்டாம், அதிலும் சல்பேட் இருக்கிறது; யூரியா போடுங்கள்.